ஏர் எவாக் மருந்துப் பெட்டியை எங்கே வைப்பது? டெல்லியை வைத்து ஒரு கணக்கு

ஏர் எவாக், அதாவது விமானத்தில் நோயாளியைக் கொண்டுவரும் படைக் குழுவின் மருந்தும் கருவியும் எங்கே இருக்க வேண்டும் என்று டெல்லியில் கேட்டால் மூன்று பதில்கள் வரும். தளத்தில் இருப்பவர், விமானத்துக்குப் பக்கத்திலேயே சீல் வைத்துத் தயாராக இருக்கட்டும் என்பார். ஸ்டோர்ஸ்காரர், கிடங்கில் இருக்கட்டும், பயணம் முடிவானதும் இண்டென்ட் (கேட்புச் சீட்டு) போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவர், பெட்டி எங்கள் கையில் இருக்கட்டும், புழங்கிப் புழங்கி நாங்களே புதுப்பித்துக்கொள்கிறோம் என்பார்.

படை மருத்துவச் சேவையில் சேர்ந்து டெல்லிக்குப் போஸ்டிங்கில் வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆர்.கே.புரத்தில் என்னைப் பார்க்கும்போது இதைக் கேட்பதுண்டு. நான் மருந்து ஸ்டோரிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் காலாவதியாகும் எதுவும், குளிரில் வைக்க வேண்டிய எதுவும், தினமும் நோயாளி பார்க்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். மற்றதை எங்கே வைத்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

டெல்லியின் அமைப்பே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. சி-17, சி-130ஜே போன்ற பெரிய விமானங்கள் நிற்பது ஹிண்டனில். அது காஸியாபாத் பக்கம், யமுனைக்கு அந்தக் கரை. நோயாளி கடைசியில் போய்ச் சேரும் ஆர்மி ஹாஸ்பிட்டல் ஆர்.ஆர். (ரிசர்ச் அண்டு ரெஃபரல்) இருப்பது தௌலா குவானில். பேஸ் ஹாஸ்பிட்டலும் ஆயுதப்படை மருத்துவப் பொருள் கிடங்கும் கண்டோன்மெண்டில். இவை மூன்றும் பாலம் தளத்துக்குப் பக்கத்தில், ஹிண்டனுக்கு எதிர்க்கோடியில். மருந்து ஒரு கரையில், விமானம் மறு கரையில். நடுவில் ரிங் ரோடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அதைக் கடந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

முதலில் இண்டென்ட் வழியை முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. கணக்கு சுத்தமாக இருக்கும், வீணாவது குறைவு. பி.வி.எம்.எஸ். எண், அதாவது படை மருத்துவப் பொருள் பட்டியலில் அந்தப் பொருளுக்குரிய எண் போட்டு, இந்த நோயாளிக்கு இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். தீக்காயக்காரருக்கு ஒரு பட்டியல், தலையில் அடிபட்டவருக்கு வேறொரு பட்டியல் என்று அளந்து எடுக்கலாம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நாளை மறுநாள் மாற்றப்போகும், நிலை சீரான நோயாளிக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் சாவி வைத்திருப்பவரை எழுப்புவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆகவே இது திட்டமிட்ட பயணத்துக்கு மட்டும்.

சீல் வைத்த பெட்டிக்கு ஆதரவாளர்கள் அதிகம், காரணமும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, ராணுவத்தின் 60 பாரா ஃபீல்டு ஹாஸ்பிட்டல் பிரிவு 30 படுக்கை மருத்துவமனையை சி-17-இல் ஏற்றிக்கொண்டு போய் இஸ்கெண்டெருனில் போட்டது. அந்த வேகம் முன்கூட்டியே கட்டி வைத்திருப்பவர்களால்தான் முடியும். பெட்டியைத் தூக்கு, ஏற்று, கிளம்பு.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். பெரும்பாலான ஊசி மருந்துகளின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றுதான் இருக்கும். ஜூன் மாதத்து டெல்லியில் வெளியே 45 டிகிரி. ஏ.சி. இல்லாத தகரக் கூரை ஷெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சரி, ஏ.சி. அறையே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம், ரோக்குரோனியம் இரண்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. வலிப்புக்குப் போடும் லோராஸெபாம் ஊசியும் அப்படித்தான். இன்சுலினும் அப்படித்தான். ஆக, வெளியே 'தயார்' என்று எழுதியிருக்கும் பெட்டியில் மிக அவசரத்தில் தேவைப்படும் மருந்துகளே இருக்காது. ஃபிரிட்ஜிலிருந்து யாராவது எடுத்துவந்து சேர்த்தால்தான் அது தயார். எப்படியும் ஒரு ஆள் மருத்துவமனை ஃபிரிட்ஜுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், தளத்தில் வைத்ததால் மிச்சமான நேரம் எங்கே?

அடுத்தது காலாவதி. ஒரே நாளில் நிரப்பிய பெட்டி கிட்டத்தட்ட ஒரே பருவத்தில் காலாவதியாகும். அன்றைக்கு ஒரு போர்டு உட்காரும், லைஃப் எக்ஸ்பயர்டு என்று பட்டியல் எழுதுவார்கள், அழிப்பார்கள், புதிதாகக் கேட்பார்கள். புதுச் சரக்கு வரும்வரை பெட்டி பாதி காலி. மருந்து மட்டுமல்ல, ஈ.சி.ஜி. எலக்ட்ரோடில் உள்ள ஜெல் காய்ந்துபோகும், டிஃபிப்ரிலேட்டர் பேடும் அதே கதை. லாரிங்கோஸ்கோப் கைப்பிடிக்குள் போட்டு மறந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். திறக்காமலே வைத்திருக்கும் பெட்டிக்குள் என்ன கெட்டது என்று திறக்கும்போதுதான் தெரியும்.

அதற்காக இந்த வழியைத் தள்ளிவிட முடியாது. ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே, கட்டுத்துணி, ஸ்பிளிண்ட், எலும்புக்குள் ஊசி போடும் கருவி, நெஞ்சில் செருகும் ட்ரெய்ன் குழாய், ஸ்ட்ரெச்சர் பட்டைகள் இவையெல்லாம் வருடக்கணக்கில் கிடக்கும், இடமும் அடைக்கும். பெரிய வார்டில் இவற்றில் பாதி புழங்கவே புழங்காது. சி-17 ஒரே தடவையில் 36 ஸ்ட்ரெச்சர்வரை ஏற்றும். அந்த எண்ணிக்கைக்கான பட்டையையும் துணியையும் தௌலா குவானிலிருந்து லாரியில் கொண்டுவருவது அபத்தம். அவை ஹிண்டனிலேயே இருக்கட்டும்.

டெல்லியில் கட்டிய பெட்டி போய்த் திறக்கப்படும் இடம் பெரும்பாலும் லடாக்கின் லே. அதை மறந்துவிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமானத்தின் உள்ளே அழுத்தம் வழக்கமாக 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இருக்கும். கடல் மட்டத்தில் அடைத்த காற்று அங்கே ஏறக்குறைய 1.35 மடங்காக விரியும். பாடப்புத்தகங்கள் இதை வைத்துத்தான், மேலே போகப்போக கஃப், அதாவது மூச்சுக்குழாயில் போட்ட குழாயைச் சுற்றிக் காற்றடைத்த பலூன், உப்பும், காற்றைக் குறையுங்கள் என்று சொல்கின்றன. ஆனால் லே விமானத் தளமே 10,000 அடிக்கு மேல். அதாவது லேவில் தரையில் நிற்பதைவிட விமானத்துக்குள் அழுத்தம் அதிகம். லேவில் சரியாக நிரப்பிய கஃப் கதவு மூடியதும் சுருங்க ஆரம்பிக்கும், டெல்லியில் இறங்கும்போது தளர்ந்து ஓரமாகக் காற்று கசியும். டெல்லியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் லேவில் பந்து மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அதையே தலைகீழாக யோசித்தால் புரிந்துவிடும். ஆகவே கஃப் அழுத்தம் பார்க்கும் சின்ன மீட்டர் கட்டாயம் பெட்டியில் இருக்க வேண்டும். பட்டியலைக் குறைக்கச் சொல்லி மேலிடம் கேட்டால் முதலில் கோடு விழுவது அதன்மேல்தான் என்பது தனி வேதனை.

லேவில் இன்னொன்றும் உண்டு. மூளை வீக்கத்துக்குப் போடும் 20 சதவீத மானிட்டால் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே படிகமாகிவிடும், சூடாக்கிக் கரைக்காமல் ஏற்றக்கூடாது. இன்சுலினும் டெட்டனஸ் தடுப்பூசியும் உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். டெல்லியில் ஐஸ் பேக் போடுவது சூட்டிலிருந்து காப்பாற்ற. ஜனவரியில் லே ரன்வேயில் அதே பெட்டி உறையாமல் காப்பாற்ற வேண்டியதாகிவிடுகிறது. ஜூன் மாதப் பொட்டலம் வேறு, ஜனவரிப் பொட்டலம் வேறு. எந்த நேரமும் ஒரே மாதிரி இருப்பதுதான் சீல் வைத்த பெட்டியின் பெருமை, இங்கே அதுவே அதன் குறையாகிவிடுகிறது.

மூன்றாவது வழிக்கு வருவோம். பெட்டி ஐ.சி.யூ.வோடு ஒட்டிய ஒரு அறையில் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் தேதி நெருங்க நெருங்க அதை வார்டுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டோரிலிருந்து வந்த புதுச் சரக்கைப் பெட்டியில் வைப்பார்கள். எதுவும் காலாவதியாகாது, எழுதித் தள்ளவும் தேவையில்லை. விமானத்தில் ஏறும் நர்ஸுக்கும் தினமும் கையாளும் அதே ஆம்பூல், அதே சிரிஞ்ச் பம்ப். ஆட்டம் கண்ட விமானத்துக்குள், மங்கிய வெளிச்சத்தில், இரைச்சலில், கை தானாகச் சரியான இடத்துக்குப் போவது என்பது லேசான விஷயம் இல்லை. இன்ஜின் சத்தத்தில் அலாரம் காதில் விழாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்படி இருக்கும்போது பழகாத கருவியைக் கையில் கொடுக்கக்கூடாது.

இந்த வழியின் ஓட்டையை என்னிடம் சொன்னவர் மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸில் இருந்த நாகர்கோவில்காரர். மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டார்.

"பெட்டிய வார்டுல வைங்கன்னு சுலபமா சொல்லிடுறீங்க சார். நைட் டியூட்டியில அட்ரினலின் தீர்ந்துட்டா என் பிள்ளைங்க எங்க போவாங்க? அந்தப் பெட்டிக்குத்தான் போவாங்க."

"சீல் இருக்குமே மேடம்."

"கண்ணு முன்னாடி நோயாளி போய்க்கிட்டிருக்கான். சீலப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? நானா இருந்தாலும் உடைப்பேன்."

அவர் சொன்னது சரிதான், உடைக்கத்தான் வேண்டும். அதனால் உடைத்தவரைத் தண்டிக்கும் ஏற்பாடு கூடாது, உடைத்ததை மறைக்க முடியாத ஏற்பாடு வேண்டும். ஒரே பெரிய சீலுக்குப் பதில் பெட்டிக்குள் தனித்தனிப் பைகள் இருக்கட்டும்: மூச்சுப்பாதை, ரத்த ஓட்டம், வலி மயக்கம், குழாய் ஊசி என்று. ஒவ்வொரு பைக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் சீல். ஒரு பை உடைந்தால் ஸ்டோருக்கு ஒரு போன், அங்கே மாற்றுப் பை தயாராக இருக்கும், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் வந்துவிடும். மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில், பைக்கு ஒரு வரி: சீல் எண், அந்தப் பையில் முதலில் காலாவதியாகும் மருந்தின் பெயர், அதன் தேதி. காலை ஷிஃப்டில் ஒருவர் தாளையும் சீலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார், சிலிண்டர் மீட்டரைப் பார்க்கிறார், வெண்டிலேட்டர் பேட்டரியைப் பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். எந்தப் பையையும் திறக்க வேண்டாம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு எல்லா மருந்துக்கும் ஒரே காலக்கெடு வைப்பது சோம்பேறித்தனம். பெட்டியில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் 20 ஆம்பூல் இருந்தால் பெரிய ஐ.சி.யூ. அதை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். ஆயுள் ஒரு மாதம் மிச்சமிருக்கும்போது மாற்றினால் போதும். மார்ஃபின் வகை மருந்து அதிகமானால் முறிக்கப் போடும் நலோக்ஸோன் மாதிரி எப்போதாவது தேவைப்படுவதை ஆறு மாதம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வார்டிலும் அது அப்படியே கிடந்து காலாவதியாகும். வார்டின் செலவு வேகத்தைப் பார்த்து மருந்துக்கு மருந்து கெடு வைக்க வேண்டும். இதே காரணத்தால் இந்த வழி சின்ன மருத்துவமனைக்கு ஒத்துவராது. அங்கே செலவே இல்லாதபோது எதைச் சுழற்றுவது? டெல்லியில் இரண்டு பெரிய படை மருத்துவமனைகள் இருப்பதால்தான் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

ரத்தம் எந்தப் பெட்டியிலும் கிடையாது. சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரியில், காக்கும் திரவம் சேர்த்திருந்தால் 42 நாள் தாங்கும். பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருந்தால் 5 நாள். குழு கிளம்பும் நேரத்தில் பிளட் பேங்கிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது அது. மார்ஃபின், ஃபெண்டனில், கெட்டமின் மூன்றும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அவை இரட்டைப் பூட்டு அலமாரியிலிருந்து பெயர் எழுதி எடுத்து, திரும்பி வந்ததும் மிச்சத்தை எண்ணி ஒப்படைக்க வேண்டியவை. இந்த இரண்டுக்காகவும் எப்படியும் ஒருவர் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதை மூன்றாவது வழிக்கு ஆதரவான வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக்ஸிஜனை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் ஊர் பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு இருக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600. லேயிலிருந்து பறக்கும் நேரம் குறைவுதான், ஆனால் ஏற்றுவது, ரன்வே காத்திருப்பு, இறங்கி ஆம்புலன்ஸ், லிஃப்ட் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் என்று போடுங்கள். 2,400 லிட்டர், ஒரு நோயாளிக்கு இரண்டு சிலிண்டர். சி-17-இல் விமானத்திலேயே நோயாளிக்கு ஆக்ஸிஜன் எடுக்கும் இணைப்பு உண்டு. சின்னச் சரக்கு விமானமான ஏ.என்.32 வந்தால் எல்லாம் நாமே சுமக்க வேண்டியதுதான். எந்த விமானம் வரும் என்பது கடைசி நேரத்தில் மாறும், அதனால் மோசமான விமானத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். திரவ ஆக்ஸிஜன் ஒரு லிட்டர் 860 லிட்டர் வாயுவாகும் என்று கேட்டதும் ஆசை வரும். 2021 ஏப்ரலில் ஹிண்டனிலிருந்து மேற்கு வங்கத்தின் பானாகருக்கு சி-17 கொண்டுபோன கிரையோஜெனிக் டேங்கர்கள் எல்லாம் காலி டேங்கர்கள். நிரப்பியதை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து என்பதால்தான் போகும்போது ஆகாயம், வரும்போது தரை. திரவ ஆக்ஸிஜனை விமானத்தில் கொண்டுபோக என்றே செய்த சின்னக் கருவி கையில் இல்லாதவரை சிலிண்டர்தான். சிலிண்டர்கள் தளத்தில் இருப்பதே சரி, யாரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ரிங் ரோட்டில் அலைய வேண்டாம்.

கருவிகளில் இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது. நோயாளியோடு போன வெண்டிலேட்டரும் மானிட்டரும் திரும்பி வருவது எப்படி? அமெரிக்க விமானப்படை இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்: நோயாளியைக் கருவியோடு அனுப்பும் மருத்துவமனைக்கு, ஏற்ற வந்த விமானமே அதே மாதிரிக் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும். ஆளையும் கருவியையும் நடுவழியில் பிரிக்க வேண்டாம், சின்ன மருத்துவமனையும் வெறுங்கையோடு நிற்காது. ஆனால் இதற்கு எல்லா இடத்திலும் ஒரே மாடல் இருக்க வேண்டும். நம்மிடம் ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு கம்பெனி. ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ப்ரோபின் பிளக் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பேட்டரி பொருந்தாது, சார்ஜர் பொருந்தாது. போதாக்குறைக்கு விமானத்தின் மின்சாரம் பெரும்பாலும் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். வார்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியை நம்பித்தான் பறக்க வேண்டும். ஒரே மாடல் வராதவரை, கருவியைத் திருப்பி அனுப்பும் பழைய வழியே நடக்கும். டெல்லிக்கும் சண்டிகருக்கும் லேவுக்கும் மட்டுமாவது ஒரே மாடல் வாங்கித் தொடங்கலாம்.

விலை குறைந்தால் கைமாற்றுவது சுலபமாகும் என்பதற்கு நல்ல உதாரணம் 2020-இல் விமானப்படையே கோவிட் நோயாளிக்காகச் செய்த அர்பித் கூண்டு, அதாவது நோயாளியைத் தனிமைப்படுத்தி விமானத்தில் கொண்டுவரும் மூடிய படுக்கை. 32 கிலோ, செலவு 60,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வாங்குவது 60 லட்சம்வரை. அந்த விலையில் ஒன்றை ஒரு ஊரில் விட்டுவிட்டு வந்தாலும் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைப் பேசும்போதெல்லாம் யாராவது, தூக்கிப் போகக்கூடிய மருத்துவமனையான பீஷ்ம் கியூப் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். 72 சின்னப் பெட்டிகள், 200 பேர்வரை பார்க்கலாம். 2024 மே மாதம் ஆக்ராவில் பாராசூட்டில் இறக்கிப் பார்த்தார்கள், அந்த ஆகஸ்டில் 15,000 அடி உயரப் பகுதியிலும் இறக்கினார்கள். அருமையான பொருள். ஆனால் அது பேரிடர் நடந்த இடத்துக்குப் போய் அங்கேயே வைத்தியம் பார்க்க. வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரம் பத்திரமாகக் கொண்டுவருவது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆகவே என்னைக் கேட்டால் டெல்லிக்கு இப்படிப் பிரிப்பேன். சிலிண்டர், ஸ்ட்ரெச்சர் பட்டை, கட்டுத்துணி, கெட்டுப்போகாத சாமான் ஹிண்டனில் சீல் வைத்து. மருந்துப் பைகளும் குளிர்ப் பெட்டியும் வெண்டிலேட்டரும் ஆர்.ஆர். ஐ.சி.யூ. பொறுப்பில், சுழற்சியில், குழுவோடு அதே வண்டியில் ஏறும்படி. மருந்து குழுவுக்காகக் காத்திருக்காது, குழு மருந்துக்காகக் காத்திருக்காது. ஆட்கள் ரிங் ரோட்டைக் கடந்துதானே ஆக வேண்டும், அவர்கள் கையில் பை இருப்பதால் ஒரு நிமிடமும் கூடப் போவதில்லை. திட்டமிட்ட பயணத்துக்கு இண்டென்ட்.

மூடுபனி மாதங்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் இறங்க முடியாமல் விமானம் சண்டிகருக்குத் திருப்பிவிடப்படலாம். அப்போது நோயாளி போகும் இடம் சண்டிமந்திர் கமாண்ட் ஹாஸ்பிட்டல், நம் பைகளும் கருவிகளும் அங்கேயே இறங்கும். அவற்றை அவர்கள் நிரப்பித் தருவார்களா, காலியாகத் திருப்புவார்களா, யார் வண்டியில் வரும் என்பதை அக்டோபரிலேயே பேசி எழுதி வாங்கிவிட வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு மருந்துப் பைகளில் இரண்டாவது செட் ஒன்றை ஆர்.ஆர். ஸ்டோரில் கூடுதலாகக் கட்டி வைத்தால், முதல் செட் சண்டிகரில் மாட்டிக்கொண்டாலும் அடுத்த அழைப்புக்குக் குழு கிளம்பலாம்.